மெனு நிற்கும் இடம்

ஏனுங்ணா, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி விடறீங்களா? உள்ள ஒரே புழுக்கமா இருக்குது. ஆங்... போதும், போதுமுங்க. உங்க மேல காத்து ரொம்ப அடிக்குதா? அப்படின்னா பாதி சாத்திக்குங்க. வேண்டாம் விடுங்க, இப்படியே இருக்கட்டும்.

நீங்க எது வரைக்கும் போறீங்க? திருச்சியா. நான் கரூர்ல எறங்கிக்குவேன். இந்த பஸ் பல்லடத்துக்குள்ள போயிட்டுத்தான் போகும் போல. நேரா போறதுன்னு சொல்லித்தான் சிங்காநல்லூர்ல ஏத்தினான். நம்மகிட்ட எல்லாரும் அப்படித்தானுங்களே சொல்றாங்க.

காலை ஆட்டறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. இது ஒரு வாரமா இப்படித்தான். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு டேபிளை நகத்திப் போட்டுக்கிட்டாரு. வீட்ல என் சம்சாரம், மனுசன் பக்கத்துல உக்கார முடியலைன்னு எந்திரிச்சுப் போயிட்டா. நான் என்ன வேணும்னா ஆட்டறேன்? மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான். செய்யாத தப்புக்குப் பதில் சொல்லப் போறவனுக்கு எப்படிங்ணா நிக்கும்?

என் பேரு குழந்தைவேல். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறேன். நீங்க நினைக்கற மாதிரி செல்போன்ல வர்றது இல்லீங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டற சாஃப்ட்வேர். கரூர்ப் பக்கம் மேசை விரிப்பு, கிச்சன் டவல் எல்லாம் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பறாங்கல்ல, அந்தக் கம்பெனிகளுக்கு. எந்த டிசைன், என்ன நூலு, எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலரு, அது அத்தனையும் எங்க சாஃப்ட்வேர்லதான் ஏத்துவாங்க. பத்துப் பதினஞ்சு மில்லுல ஓடுது. அதுல மெனு பூரா நான் எழுதினது.

மெனுன்னா ஓட்டல் மெனு இல்லீங்க. மவுஸ்ல வலது பக்கம் அமுக்கினா சின்னதா ஒரு பட்டியல் வந்து நிக்குமே, திற, திருத்து, அச்சிடு, நீக்குன்னு? அதேதான். அதைப் பாத்துட்டு எல்லாரும், இதுல என்ன இருக்கு, ஒரு பொட்டிதானேம்பாங்க. அந்தப் பொட்டி எங்க வந்து நிக்கணும்ங்கறதுதானுங்ணா வேலையே. ஒரு ஆளைக் கூப்பிட்டா பக்கத்துல வந்து நிக்கணும். வாசல்லயே நின்னுக்கிட்டு என்னங்கன்னு கத்தக் கூடாது. அதுக்குன்னு மடியில வந்து உக்காரவும் கூடாது. அந்த அளவு தெரிஞ்சவன்தான் மெனு எழுதணும்.

அளவுங்கறது அவ்ளோ லேசு இல்லீங்க. நீங்க அமுக்கின இடத்தைக் கம்ப்யூட்டரு ஒரு கணக்காச் சொல்லும். அது நம்ம சாஃப்ட்வேர் ஜன்னலோட மூலையிலிருந்து போட்ட கணக்கா, மொத்த ஸ்கிரீன் மூலையிலிருந்து போட்ட கணக்கான்னு பாக்கணும். மாத்திப் போட்டீங்கன்னா இங்க அமுக்கினா மெனு அங்க போய் நிக்கும். சில பேரு ரெண்டு ஸ்கிரீன் வெச்சிருப்பாங்க. இடது பக்கத்து ஸ்கிரீன்ல கணக்கு மைனஸ்ல போகும். மைனஸைப் பாத்ததும் தப்புக் கணக்குன்னு நினைச்சு சைபர் ஆக்கி வெச்சிருக்கறவனெல்லாம் இருக்கான். அவன் மெனு பக்கத்து ஸ்கிரீன் ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கும். என் மெனு ஒரு நாளும் அப்படி நின்னதில்ல. எந்த ஸ்கிரீன் ஆனாலும் சரி, மவுஸை நகத்தினா கூடவே நகருமே ஒரு அம்பு, அந்த அம்பு நுனி எங்கயோ, மெனு மூலை அங்கதான். ஒரு புள்ளி தள்ளாது.

பல்லடம் வந்துருச்சு பாருங்க. நிறுத்திட்டான். டீ குடிக்கறீங்களா? எனக்கு வேண்டாம், காலையில இருந்து குடிச்சுக் குடிச்சு வயிறு எரியுது. நீங்க குடிக்கறதுன்னா எறங்குங்க, நான் இடம் பாத்துக்கறேன். வேண்டாமா? சரி, அப்ப கேளுங்க.

கரூர்ல ஆறுச்சாமின்னு ஒருத்தரு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. நல்ல மனுசன், கோவம் வந்தாத்தான் என்ன பேசறாருன்னு அவருக்கே தெரியாது. அவரு கம்பெனியில டிசைன் ஏத்தறது சரளாமணின்னு ஒரு பொண்ணு. பொண்ணுன்னா சின்னப் பொண்ணு இல்லீங்க, பத்தாவது படிக்கற மக இருக்கறா. வீட்டுக்காரரு இல்ல. மொதல்ல தறிக்கூடத்துலதான் இருந்தாங்க. கை சுத்தம், கணக்குச் சுத்தம்னு பாத்துட்டு ஆறுச்சாமியே ஆபீசுக்கு எடுத்துக்கிட்டாரு. ஏசி ரூம்ல சேரு போட்டு உக்காந்த அன்னிக்கு மொத்தத் தறிக்கூடமும் வந்து ஜன்னல் வழியா பாத்துட்டுப் போச்சாம். நான்தான் அவங்களுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன்.

சிரிப்பா வருமுங்ணா அவங்க மவுஸ் பிடிக்கறதைப் பாத்தா. தறி மெஷின்ல பட்டனைத் தொட்டா ஓடாது, விளக்கு எரியற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். கைய முன்னாடி எடுத்தா நின்னு போகும். அத்தனை வருசம் அமுக்கின கையில்ல, மவுஸையும் அப்படியேதான் அமுக்குவாங்க. பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, மெனு முழுசா வந்துருச்சான்னு மேலயும் கீழயும் பாப்பாங்க, அப்புறம்தான் மெதுவா விரலை எடுப்பாங்க. அம்மா, இது தறி இல்லீங்க, பட்டுனு தட்டிட்டு விடுங்கன்னு நூறு தடவை சொல்லியாச்சு. சரிங்க சார்ம்பாங்க. மறுபடி அதேதான்.

இப்ப என்ன ஆச்சுன்னா, தீபாவளிக்குப் பின்னால இருந்து அங்க டிசைன் காணாமப் போகுது. ஏத்தின டிசைன் அன்னிக்கே போயிருது. ஒரு தடவை போச்சு, மறுபடி ஏத்தினாங்க. இன்னொரு தடவை போச்சு. கடைசியா போனது ஜெர்மனிக்காரனுக்கு அனுப்ப வேண்டிய புது மேசை விரிப்பு டிசைன். ராத்திரிதான் பேக்கப் எடுக்கும், பகல்ல அழிஞ்சா அழிஞ்சதுதான். எப்பவும் போனது எதுன்னா, புதுசா ஏத்தினதுதான். பழசு ஒண்ணுகூடப் போகல. யோசிச்சுப் பாருங்க, ஏதாவது கோளாறுன்னா எல்லாத்துலயுமில்ல போகணும்? புதுசா ஏத்தினது கடைசி வரியில இருக்கும். அந்தக் கடைசி வரி மட்டும் போகுதுன்னா அது கோளாறா? ஆளு செய்யற வேலைங்க அது.

இதுல இன்னொரு கொடுமை. ஈரோட்ல ஒரு கண்காட்சி நடந்துது. அங்க வேற கம்பெனிக்காரன் ஸ்டால்ல அதே மாதிரி கட்டம் போட்ட விரிப்பு தொங்குது. ஆறுச்சாமி அதைப் பாத்துட்டு வந்துட்டாரு. அவ்ளோதான். சரளாமணிதான் டிசைனை வித்துட்டு அழிச்சுட்டாடான்னு குதிக்கறாரு. கட்டம் போட்ட விரிப்பு யார்தான் நெய்யலை, அதை விடுங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா, யாரு எதைச் செஞ்சாங்கன்னு எங்க சாஃப்ட்வேரே குறிச்சு வெச்சிருக்குது. சரளாமணி, நீக்கு. சரளாமணி, நீக்கு. வேற பேரே இல்ல.

அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் ஃபோன்ல கேட்டுட்டு இருக்கறேன். "நான் நீக்குன்னு அமுக்கவே இல்லீங்க. மெனு வந்துச்சு, பாத்தேன், கைய எடுத்தேன். அவ்ளோதானுங்க" அப்படீங்கறாங்க. ஆறுச்சாமிக்கு வந்துது பாருங்க கோவம். "கைய எடுத்தா அழியுமா? என்னை என்ன கேணையன்னு நினைச்சியா?" அப்படின்னு ஒரே கத்து. அந்தம்மா அழுகல. மறுபடியும் அதையேதான் சொன்னாங்க. கைய எடுத்தேனுங்க.

எனக்கு அவங்க மேல ஒரு கோவமும் இல்லீங்ணா. சத்தியமா இல்ல. ஆனா அப்படிச் சொன்னா பழி யாரு மேல வரும்? என் மெனு மேல. ஆறுச்சாமி என்னைக் கூப்பிட்டாரு. "ஏப்பா குழந்தைவேலு, உன்ற மெனு தானா அமுங்குமா, அமுங்காதா? நீ நேர்ல வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லிப் போடு. அமுங்காதுன்னு நீ சொன்னா அவளை இன்னிக்கே போலீசுல விட்டுருவேன். அமுங்கும்னு சொன்னா நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்." இதுக்குத்தான் போறேன். சாட்சி சொல்ற மாதிரி.

நானும் சும்மா போகலீங்க. ஒரு வாரம் உக்காந்து பாத்தேன். எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்னு கணக்கே இல்ல. தட்டு, தட்டு, தட்டு. மேல தட்டினேன், நடுவுல தட்டினேன், கடைசி வரியில தட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தானா போச்சா? போகல. போயிருந்தா நானே சொல்லியிருப்பேனே. அப்புறமும் ஏன் தூக்கம் வரலைன்னு கேக்கறீங்களா? அதான் எனக்கும் தெரியல. அந்தம்மா குரல் காதுக்குள்ளயே இருக்குது.

நிச்சயமா நீக்கவான்னு ஒரு கேள்வி கேக்கலாமேன்னு நினைப்பீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆறுச்சாமிதான் எடுத்துடச் சொன்னாரு. ஒண்ணொண்ணுக்கும் கேள்வி கேக்குது, என்ற பொண்டாட்டி மாதிரின்னாரு. எடுத்துட்டேன். அது என் தப்பா?

காங்கேயம் எப்ப வரும்? இன்னும் இருக்குதா. இந்த டிரைவர் என்ன மாட்டு வண்டி ஓட்டறானா. நேரம் வேற ஆகுது.

உங்களுக்குப் புரியறதுக்காகச் சொல்றேன். என் மெனுவுல இருக்கற சிறப்பு வேற எதுலயும் கிடையாது. மத்தவங்க மெனு, நீங்க அமுக்கிட்டு விரலை எடுத்த பின்னாலதான் வரும். என்னுது விரலை வெச்ச உடனே வந்துரும். வேகம்! பட்டுனு தட்டிட்டு விட்டீங்கன்னா மெனு நின்னு காத்துட்டு இருக்கும். இல்ல, அப்படியே பிடிச்சுக்கிட்டு இழுத்துட்டுப் போய் வேணுங்கறது மேல விட்டீங்கன்னா அதுவும் நடக்கும். ஒரே அமுக்குல வேலை முடிஞ்சுது. ரெண்டு தடவை அமுக்க வேண்டியதில்ல. இதுக்கு எங்க மேனேஜரு எல்லாரையும் கூட்டி வெச்சுக் கை தட்டச் சொன்னாரு.

இன்னொண்ணு. ஸ்கிரீன் அடி ஓரத்துல அமுக்கினா மெனு கீழ வர எடம் இருக்காதில்ல? முன்னால நான் அதை அம்புக்கு மேல் பக்கமா திருப்பி விட்டிருந்தேன். சின்ன ஸ்கிரீன்ல தலை வெட்டிப் போகுதுன்னு ஒரு மில்லுல சொன்னாங்க. அதனால தீபாவளிக்கு விட்ட வெர்ஷன்ல மாத்திட்டேன். இப்பத் திரும்பாது, அப்படியே மேல ஏறி நிக்கும். எவ்ளோ எடம் பத்தலையோ அவ்ளோதான் ஏறும். கடைசி வரியில அமுக்கினாலும் மெனு முழுசா, தலையில இருந்து கால் வரைக்கும் தெரியும். அழகா இருக்குமுங்ணா. இருங்க, காட்டறேன்.

லேப்டாப் கையோடதான் இருக்குது. பேகைக் கொஞ்சம் பிடிங்க. இந்தத் தடவற பலகையெல்லாம் எனக்கு ஆகாது, மவுஸ் எப்பவும் வெச்சிருப்பேன். இந்தாங்க, பேக் மேல வெச்சு நீங்களே அமுக்கிப் பாருங்க. அட, பயப்படாதீங்க, இது சும்மா டெமோவுக்குப் போட்டது. செல்போன் வெச்சிருக்கீங்கல்ல, அது மாதிரிதான். அந்தக் கடைசி வரி, நீலக் கட்டம்னு இருக்குதே, அது மேல அம்பைக் கொண்டு போங்க. வலது பட்டன். ம், அமுக்குங்க.

வந்துச்சா? முழுசா தெரியுதா, பாருங்க? கீழ வெட்டுப்படவே இல்ல பாத்தீங்களா? அவ்ளோதான், விட்டுருங்க.

...

என்னத்தைங்ணா அமுக்கினீங்க?

இல்ல, நீலக் கட்டத்தைக் காணோமே. ஒண்ணும் பண்ணலியா? பஸ் ஆடிருச்சு, அதான். பள்ளத்துல எறங்குனான்ல. ஒண்ணுமில்ல, பச்சைக் கட்டம்னு அடுத்தது இருக்குது, அதைப் பாருங்க. கொஞ்சம் இருங்க, நேரான ரோடு வரட்டும். ம். இப்ப.

போச்சு.

கையைக் காட்டுங்க. எப்படிப் பிடிச்சீங்க? செல்போன்ல அமுக்கிப் பிடிக்கற மாதிரி பிடிச்சீங்களா? அட, அப்படியெல்லாம் பிடிக்கக் கூடாதுங்ணா! தட்டணும். என்னைப் பாருங்க. தட்டு. இருக்குது பாருங்க. தட்டு. இருக்குதா? தட்டு, தட்டு. எங்கயும் போகல.

இருங்க.

நானே பிடிச்சுப் பாக்கறேன்.

...

தண்ணி பாட்டில் வெச்சிருக்கீங்களா? ஒரு வாய் குடுங்க.

மெனு மேல ஏறி நிக்குது. அம்பு மட்டும் இருந்த இடத்துலயே நிக்குது. மூலை அம்பு நுனியில இருக்கணும்னு நான்தானே ஒரு புள்ளி தள்ளாம வெச்சேன். மெனு மேல ஏறினா அம்பு மெனுவுக்குள்ள வந்துருது. கடைசி வரியில அமுக்கினா அம்புக்கு அடியில வர்றது கடைசி ஐட்டம். நீக்கு. விரலை விட்டா... விட்ட இடத்துல இருக்கறது நடந்துருது. பிடிச்சு விட்டாத்தான். தட்டினா இல்ல. நான் ஒரு வாரமா தட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க. இது பெரிய விசயமில்ல. நாலே புள்ளிங்க. மெனுவை நாலு புள்ளி வலது பக்கம் தள்ளி நிக்க வெச்சா அம்பு வெளிய வந்துரும். அப்புறம் எவ்ளோ நேரம் பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. இங்கயே பண்ணிரலாம். இந்த வரிதான். பாருங்க, கூட்டல் நாலு. முடிஞ்சுது. இதைக் கொஞ்சம் ஓட விடறேன். வெள்ளக்கோயில் வர்றதுக்குள்ள ரெடியாயிரும்.

ஆச்சு. இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க. பிடிங்க, எவ்ளோ நேரம் வேணா பிடிங்க. விடுங்க. போச்சா? போகாது! நான் சொல்லல?

அங்க போனதும் மொதல் வேலை இந்தப் புது வெர்ஷனைப் போடறதுதான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் புது வெர்ஷன் போட்டுட்டுத்தான் மத்த பேச்சு. அது எங்க ஆபீஸ் வழக்கமுங்க, நான் புதுசா ஒண்ணும் பண்ணல. போட்டுட்டா அந்தம்மாவுக்கும் இனிமே டிசைன் போகாதில்ல? அவங்களுக்கும் நல்லதுதானே?

சொல்லிரலாம்ங்கறீங்களா. யாருகிட்ட? ஆறுச்சாமிகிட்டயா? இன்னும் அத்தனை மில்லு இருக்குது. அத்தனை பேரும் எங்களுதும் உன் மெனுலதான் போச்சுன்னு கெளம்பினா? எங்க மேனேஜரு கை தட்டச் சொன்னவரு, அவரே என்னை வெளிய போடான்னு சொல்ல மாட்டாரா? எனக்குக் குடும்பம் இல்லையா, குழந்தை குட்டி இல்லையா? உங்களுக்கென்னங்ணா, திருச்சியில எறங்கிப் போயிருவீங்க. அந்தம்மா பட்டுனு தட்டியிருந்தா இந்த வம்பே இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரி ஒரு தடவை கேட்டிருந்தா? நூறு தடவை சொன்னேனுங்க நான்.

ஃபோன் அடிக்குது. அவர்தான். ஒரு நிமிசங்ணா.

ஹலோ... சொல்லுங்க சார்... வந்துட்டே இருக்கறேன், வெள்ளக்கோயில் தாண்டியாச்சு... அவங்க வந்துட்டாங்களா? காலையில இருந்தே உக்காந்திருக்காங்களா... மகளையும் கூட்டிட்டு வந்திருக்காங்களா... இல்லீங்க சார், இருக்கட்டும், இருக்கட்டும்... ஆமாங்க, பாத்துட்டேன். நல்லாவே பாத்துட்டேன்... ஃபோன்ல எதுக்குங்க, நேர்ல வந்து போட்டுக் காட்டிடறேன். எல்லாரு முன்னாலயும். அவங்களையே அமுக்கச் சொல்லிப் பாத்துக்கலாம். அவங்க எப்படி அமுக்குவாங்களோ, அப்படியே அமுக்கட்டும். எவ்ளோ நேரம் வேணா பிடிச்சுக்கிட்டு விடட்டும். தானா போகாதுங்க சார். நான் கேரண்டி... வெச்சிடறேன்.

அப்பாடா. இப்பத்தானுங்ணா மனசு கொஞ்சம்...

ஏனுங்ணா, எந்திரிச்சுட்டீங்க? உங்க ஊரு இன்னும் வரலியே. உக்காருங்க, நான் காலை ஆட்டல பாருங்க. அந்தப் பின் சீட்டா? அங்க எதுக்குங்க போறீங்க? அங்க ஒரே வெயிலா இருக்குமுங்ணா.